கதிர்ப்பொருள் எண் 212

ஹோர்ன்விக் அணு ஆய்வு நிறுவனத்தின் வாசலில், கதிர்வீசும் பொருள் வெளியே போனால் கூவுவதற்காக நிற்கும் கதிர்வாயில், வைத்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடங்களில் ஒரு தடவைகூடக் கூவியதில்லை. அதைக் காட்டியே நிறுவனம் மூன்று பாதுகாப்புப் பரிசுகள் வாங்கிவிட்டது. வாயில் வேலை செய்கிறதா என்று யாரும் சோதித்ததும் இல்லை. சோதிக்க வேண்டுமானால் கதிர்வீசும் பொருள் ஒன்றை அதன் வழியாக வெளியே கொண்டுபோக வேண்டும். அதற்கு விதியில் இடமில்லை.

ஜூன் பதினொன்று, வியாழக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அது கூவியது. உள்கதவும் வெளிக்கதவும் தாமாகப் பூட்டிக்கொண்டன. இரண்டுக்கும் நடுவில், கையில் ஒரு பெரிய பலகையுடன் சிக்ஸ்டன் ப்ரூலின் நின்றார். இருபத்திரண்டு வருடமாக அந்த வாயிலுக்குக் காவலாள் அவர்தான்.

அன்று அவருக்கு விடுப்பு. கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று எட்டு நாளுக்கு முன் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கதிர்வீசும் அயோடின் மாத்திரை ஒன்றை விழுங்கக் கொடுத்திருந்தார்கள். கூடவே ஓர் அட்டை. மூன்று வாரத்துக்கு யாரையும் கட்டிப்பிடிக்க வேண்டாம், இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவும், திறந்த வெளியில் தாராளமாக நடமாடலாம் என்று அதில் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். விடுப்பில் இருக்கிறவர் வேலையிடத்துக்கு வந்தது அந்தப் பலகைக்காகத்தான். நிறுவனத்தின் பட்டறையில் செய்து, தன் காவல் அறையில் மறந்து வைத்திருந்தார். உள்ளே வருகிறவர்களை வாயில் கண்டுகொள்ளாது. வெளியே போகிறவர்களைத்தான் பார்க்கும். ஆகவே உள்ளே வந்தது சுலபமாக இருந்தது.

பலகையில் இருந்தது அவர் மகள் தூவாவின் படம். மூன்று வயது, சிவப்புப் பனி உடுப்பு, மூக்கில் ஒட்டிக்கொண்ட இலவங்கப்பட்டை ரொட்டித் துணுக்கு. அன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அவள் பள்ளிப்படிப்பு முடித்து, படிப்பை முடித்தவர்கள் அணியும் வெள்ளைத் தொப்பியோடு பள்ளி வாசலிலிருந்து ஓடி வருவாள். வெளியே பெற்றவர்கள் அவரவர் பிள்ளையின் சின்ன வயதுப் படத்தை உயரத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். படத்தைப் பார்த்துத்தான் பிள்ளை தன் ஆட்களைக் கண்டுபிடிக்கும். தூவாவின் அம்மா போர்ச்சுகலில் ஒரு பல் மருத்துவரோடு இருக்கிறாள். தூவாவுக்கு ஆட்கள் என்றால் சிக்ஸ்டன் ஒருவர்தான்.

மூன்று வருடத்துக்கு முன் அவள் ஒன்பதாம் வகுப்பு முடித்த நாளில் நிறுவனத்தில் கதிர்ப்பொருள் கணக்கெடுப்பு நடந்தது. சிக்ஸ்டன் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், போக முடியவில்லை. நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையின் மறுமுனையிலிருந்து, இரண்டு மீட்டர் தள்ளி, தூவா சொல்லியிருந்தாள்: "அப்பா, வர முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. அங்க வந்து நின்னு தேடிட்டு இருக்கற பொண்ணா மட்டும் என்ன ஆக்கிடாத." வருவதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார்.

எட்டரை மணிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குன்வோர் ஹெக் வந்து நின்றாள். கதிர்ப்பாதுகாப்புத் தலைவி. கையில் அளவுகருவி, அக்குளில் விதிப்புத்தகம்.

"சிக்ஸ்டன், எத எடுத்துட்டுப் போற?"

"என் பொண்ணு படம்."

"அது கத்தாது. வேற என்ன?"

"என்னத்தான் எடுத்துட்டுப் போறேன் குன்வோர். மாத்திர சாப்பிட்டேன். இந்தா அட்டை, டாக்டர் எழுதிக் குடுத்தது."

குன்வோர் அட்டையைக் கண்ணாடி வழியாக இரண்டு தடவை படித்தாள். "இது நோயாளிக்குக் குடுத்த அட்டை."

"நான்தான் அந்த நோயாளி."

"ஆஸ்பத்திரியில நீ நோயாளி. இங்க வாயில் கூவியிருக்கு. வாயில் கூவுனா அது கதிர்ப்பொருள்னு விதி பதினாலு சொல்லுது. கதிர்ப்பொருளுக்கு நோயாளி அட்டை செல்லாது."

"பதினாலாவது விதிய எழுதுனப்ப ஆளுங்கள மனசுல வச்சா எழுதுனாங்க?"

"மனசுல வச்சு எழுதறதுக்குப் பேரு விதி இல்ல," என்றாள் குன்வோர். கோபமெல்லாம் இல்லை, அவளுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. "பதட்டப்படாத. நம்பர் இல்லாத பொருள் வெளிய போகக் கூடாது, அவ்வளவுதான். உனக்கு ஒரு நம்பர் போட்டுட்டா முடிஞ்சுது. பத்து நிமிஷ வேலை."

பத்து நிமிட வேலை என்று சொல்லிவிட்டு அதற்குப் பாதுகாப்புக் குழுவைக் கூட்டினாள். குழு ஏழு பேர். ஏழு பேரும் ஒருமனதாக ஒத்துக்கொள்ளாமல் அந்த நிறுவனத்தில் ஜன்னல்கூடத் திறக்கப்படாது. உள்கதவைத் திறந்து சிக்ஸ்டனையும் மாடியிலுள்ள கூட்ட அறைக்கு அழைத்துப் போனார்கள். கூட்டம் ஒன்பதேகாலுக்குக் கூடி, ஒன்பதரைக்குக் காப்பிக்காகக் கலைந்தது. கட்டடம் தீப்பிடித்தாலும் ஒன்பதரைக் காப்பி ஒன்பதரைக்குத்தான். சிக்ஸ்டனுக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள், மேசையிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி. அவர் குடித்து முடித்ததும் கையுறை போட்ட ஒருவர் கோப்பையைப் பையில் போட்டுக் கட்டினார். பாதி கடித்த ரொட்டியையும் கட்டினார். போனைக் கேட்டார்.

"போன் எதுக்கு?"

"நீ தொட்டது."

பலகையையும் அவர் தொட்டிருந்தார். அதையும் எடுத்துக்கொண்டு போனார்கள். துடைப்புச் சோதனை முடியும்வரை ஈயப் பெட்டியில் இருக்கும் என்றார்கள். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, துணியால் துடைக்க ஒரு நிமிடம், துணியைப் பற்றி அறிக்கை எழுத ஏழு நாள் என்று பதில் வந்தது. பெட்டியின் மூடி படத்தின் மேல் இறங்கி மூடும்வரை சிக்ஸ்டன் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குக் கூட்டம் மறுபடி கூடியது. இயக்குநர் லெனார்ட் ஹூல்ட் தலைமை வகித்தார். அங்கே இயக்குநரும் காவலாளும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி, நீ என்றுதான் பேசிக்கொள்வார்கள். சமத்துவம் அதோடு முடிந்துவிடும்.

"ஒரு அணுவ எடுத்துக்குவோம்," என்று இயக்குநர் ஆரம்பித்தார். எந்தக் கூட்டத்தையும் அவர் அணுவிலிருந்துதான் ஆரம்பிப்பார். "நடுவுல கரு. புரோட்டானும் நியூட்ரானும் அங்கதான், எடை முழுக்க அங்கதான். எங்கயோ தூரத்துல எலக்ட்ரானுங்க சுத்திட்டு இருக்கும், எடைன்னு சொல்லிக்க ஒண்ணும் கெடையாது. நம்ம நிறுவனமும் அதே அமைப்புதான். நடுவுல நிர்வாகம். மத்தவங்க சுத்தி வராங்க. கருவுக்கும் அவங்களுக்கும் நடுவுல இருக்கறது பூரா வெற்றிடம்."

மூன்றாம் மாடியின் பதினான்கு அறைகளுக்கும் தினமும் விளக்குப் போட்டு அணைக்கிறவர் சிக்ஸ்டன். எந்த அறையிலும் ஆள் கிடையாது. வெற்றிடம் பற்றி இயக்குநர் சொல்வது சரிதான் என்று அவருக்குப் பட்டது.

"குன்வோர், இவனுக்குள்ள என்ன இருக்குன்னு குழுவுக்குச் சொல்லு."

குன்வோர் எழுந்தாள். "அயோடின். புரோட்டான் அம்பத்திமூணு. அது மாறாது, மாறுனா அது அயோடினே இல்ல. நாம உப்புல சாப்பிடற அயோடின்ல நியூட்ரான் எழுபத்திநாலு. இவனுக்குள்ள இருக்கறதுல எழுபத்தியெட்டு. பேரும் ஒண்ணு, வேதியியலும் ஒண்ணு, எடை மட்டும் வேற. அதத்தான் ஐசோடோப்புங்கறோம். நாலு நியூட்ரான் கூடிப் போனதால கரு நெலையா நிக்க முடியல. ஒரு நியூட்ரான் புரோட்டானா மாறிடும். மாறறப்ப ஒரு எலக்ட்ரான வெளிய தள்ளும், காமாக் கதிரும் வரும். அப்ப புரோட்டான் அம்பத்திநாலு ஆயிடுது. அப்புறம் அது அயோடின் இல்ல, செனான்."

இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன சொல்ற? நம்ம கட்டடத்துக்குள்ள உக்காந்துகிட்டு, இவன் ஒரு தனிமத்த இன்னொரு தனிமமா மாத்திட்டு இருக்கானா?"

"ஆமா."

"உரிமம் இருக்கா?"

"இல்ல."

"எவ்வளவு மாத்தறான்?"

"நொடிக்கு இருபது கோடி அணு."

"வேலை நேரத்துல?"

"நான் லீவுல இருக்கேன்," என்றார் சிக்ஸ்டன்.

"அப்ப இன்னும் மோசம்," என்றார் இயக்குநர். "லீவுல செஞ்சா காப்பீடு கெடையாது."

சுவர்க் கடிகாரம் பத்து இருபது காட்டியது. பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர். சைக்கிளில் பதினைந்து நிமிடம். சிக்ஸ்டன் மனதுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டார்.

"எப்ப விடுவீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"கணக்கு ஒண்ணும் கஷ்டமில்ல," என்றாள் குன்வோர். "அரை ஆயுள் எட்டு நாள். எந்த அணு எப்ப ஒடையும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா எட்டு நாள்ல மொத்தத்துல பாதி ஒடஞ்சிடும். அடுத்த எட்டு நாள்ல மிச்சத்துல பாதி. இப்படிப் பத்து தடவ பாதியானா ஆயிரத்துல ஒரு பங்குக்கு வந்துடும், அப்ப விட்டுடலாம்னு விதி. எம்பது நாள். ஆகஸ்ட் முப்பது."

"என் பொண்ணு பன்னெண்டு மணிக்கு ஓடி வரா."

"ஆகஸ்ட் முப்பது ஞாயித்துக்கிழம," என்றாள் குன்வோர் நாட்காட்டியைப் பார்த்து. "முப்பத்தொண்ணுன்னு வச்சுக்குவோம்."

சிக்ஸ்டன் எழுந்து நின்றார். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்று கொஞ்சம் உயர்ந்தது. "ஆஸ்பத்திரியில என்ன வெளிய அனுப்பிட்டாங்க. தெருவுல நடந்தேன். கடையில பால் வாங்குனேன். எங்கயும் ஒண்ணும் ஆகல. உலகத்துலயே இந்தக் கதவு ஒண்ணுதான் என்ன விட மாட்டேங்குது. நான் பொருள் இல்ல. இருவத்திரெண்டு வருஷமா உங்க எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லிட்டு இருக்கேன்."

ஏழு பேரும் மேசையைப் பார்த்தார்கள். பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் முக்கியமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினார். கதிர்ப்பொருளில் இரண்டு வகை உண்டு, மூடியது, திறந்தது. இவன் எதில் சேர்த்தி?

இதை இருபது நிமிடம் பேசினார்கள். மூச்சு விடுகிறான், வியர்வை சிந்துகிறான், ஆகவே திறந்தது என்றார்கள் மூன்று பேர். தோல் முழுசாக இருக்கிறது, ஆகவே மூடியது என்றார்கள் மூன்று பேர். திறந்த பொருள் என்றால் அந்தக் கட்டடத்தையே மூடிவிட்டு எல்லோரும் வெளியேற வேண்டும். அன்று வியாழக்கிழமை, மதியம் பட்டாணி சூப்பும் அப்பமும். கட்டடத்தை மூடினால் அதுவும் போய்விடும். இந்தக் கோணத்தில் யோசித்ததும் குழுவில் ஒருமனம் ஏற்பட்டது. மூடிய பொருள் என்று தீர்மானமாயிற்று.

"ஒரு சின்ன நிபந்தன," என்றாள் குன்வோர். "மூடிய பொருள் தொறந்துக்கக் கூடாது. வாயத் தொறந்தா கசிவு. கசிவுன்னா விபத்து அறிக்கை. அதனால நீ பேசாம இருக்கணும் சிக்ஸ்டன். உன் நல்லதுக்குத்தான்."

சிக்ஸ்டன் வாயைத் திறந்தார். ஏழு பேரும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

கழுத்தில் மஞ்சள் பலகை ஒன்றை மாட்டினார்கள். நடுவில் கறுப்பு நிறத்தில் மூன்று இதழ் கதிர்வீச்சுச் சின்னம், கீழே 212 என்ற எண். பத்து மீட்டர் தூரத்திலிருந்து கண்ணில் பட வேண்டும் என்பது விதி. ஆகவே அது அவர் மார்பையும் வயிற்றையும் சேர்த்து மறைத்தது. அப்படியே நிலவறைக்கு அழைத்துப் போய், கதிர்ப்பொருள் கிடங்கில், கோபால்ட்டுக்கும் சீசியத்துக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். போனைப் பையோடு எதிர் அலமாரியில் வைத்தார்கள். மணி பத்து ஐம்பது.

கிடங்குக்குப் பொறுப்பாளர் தோர்ப்யோன் ஷே. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த மனிதர். நிலவறையில் உட்கார்ந்து உட்கார்ந்து எதற்கும் ஆச்சரியப்படாதவராகிவிட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக சிக்ஸ்டனைப் பார்த்தார்.

"வாய்யா இருநூத்திப் பன்னெண்டு. கொஞ்சம் தள்ளி உக்காரு, சீசியத்துக்கு நெழல் விழுது."

சிக்ஸ்டன் தலையை மட்டும் ஆட்டினார்.

"இங்க வாயத் தொற. கோபால்ட்டு போய் யார்ட்டயும் சொல்லாது."

"தோர்ப்யோன், எனக்கு அழுகையா வருது," என்றார் சிக்ஸ்டன். "பன்னெண்டு மணிக்கு அவ வந்து தேடுவா. போன தடவையும் நான் போகல."

எதிர் அலமாரியில், பைக்குள், போன் அதிர ஆரம்பித்தது. தூவாவின் பெயர் பிளாஸ்டிக் வழியாகத் தெரிந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நின்றது. மறுபடி அதிர்ந்தது. அப்புறம் ஒரே ஒரு வரி வந்து திரையில் நின்றது: அப்பா, கிளம்பிட்டியா?

தோர்ப்யோன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பையைத் திறக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆனால் கணினிப் பதிவேடு அவருடையது. அதைத் திறந்தார்.

"நம்பர் போட்டாச்சு. விவரம் இன்னும் ஏத்தல. ஏத்திடுவோம். கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஐசோடோப்பு, அயோடின் நூத்தி முப்பத்தொண்ணு. அரை ஆயுள், எட்டு நாள். ஆரம்ப அளவு?"

"நானூறுன்னு அட்டையில போட்டிருக்கு. மெகா என்னமோ."

"பெக்கரல். சரி. உற்பத்தியான இடம்?"

"ஆஸ்பத்திரி."

"மாத்திரைக்குக் கேக்கல. பொருளுக்குக் கேக்குது. பொருள் நீதான்னு குழு ஒருமனசா சொல்லியிருக்கு. நீ எங்க உற்பத்தியான?"

சிக்ஸ்டன் தான் பிறந்த ஊரைச் சொன்னார். "ஸ்கெலெஃப்டியோ."

"உற்பத்தியாளர்?"

"எங்கம்மா. இங்கெபோரி ப்ரூலின்."

"பழுதானா உற்பத்தியாளருக்குத் திருப்பி அனுப்பலாமா?"

"அவங்க செத்துப் பதினோரு வருஷமாச்சு."

"உற்பத்தி நிறுத்தப்பட்டது," என்று சொல்லிக்கொண்டே தட்டினார் தோர்ப்யோன். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "உற்பத்தித் தேதி?"

"எது?"

"பொறந்த தேதியச் சொல்லுய்யா."

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, பிப்ரவரி பதினேழு."

தோர்ப்யோன் அதையும் ஏற்றினார். ஒரு பொத்தானை அழுத்தினார். உற்பத்தித் தேதியில் நானூறு இருந்தது, எட்டு நாளுக்கு ஒரு தடவை பாதியாகிறது, இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்பதைக் கணினி போட்டது. ஐம்பத்தாறு வருடம். இரண்டாயிரத்து ஐந்நூறு தடவைக்கு மேல் பாதி. விடை வந்தது: பூஜ்யம். விடைக்குக் கீழே பச்சை எழுத்தில் ஒரு வரி: கதிர்வீச்சு இல்லை, கட்டுப்பாடின்றி வெளியேற்றலாம்.

அவர் அதை அச்செடுத்து, முத்திரை குத்தி, மாடிக்குப் போன் செய்தார். "குன்வோர், இருநூத்திப் பன்னெண்டு பத்தி ஒரு சிக்கல். பதிவேடு பூஜ்யம் காட்டுது." மணி பதினொன்று பதினைந்து.

தோர்ப்யோன் சிக்ஸ்டனை மாடிக்கு அழைத்து வந்தார். குழு மறுபடி கூடியபோது தாளைக் கையில் வைத்திருந்த குன்வோர் முதல் தடவையாகக் குழம்பியிருந்தாள். "இது தப்பு," என்றாள். "அவன் பொறந்த தேதியப் போட்டிருக்காங்க. மாத்திர போன வாரம் சாப்பிட்டது."

"மாத்திரைக்கு நம்பர் போடலயே," என்றார் தோர்ப்யோன். "ஆளுக்குத்தானே போட்டீங்க. படிவத்துல உற்பத்தித் தேதின்னு இருக்கு. சாப்பிட்ட தேதின்னு கட்டம் இல்ல."

"கருவியில காட்டுது தோர்ப்யோன். வாயில் கூவுச்சு."

"வாயில் ஒண்ணு சொல்லுது, பதிவேடு ஒண்ணு சொல்லுது. எது சரின்னு குழு சொல்லட்டும். நான் கிடங்குக்காரன்."

இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். கீழே சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பட்டாணி சூப்பின் வாசனை மாடிவரை வந்துவிட்டிருந்தது. அவர் எழுந்து மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"யோசிச்சுப் பாருங்க. பதிவேடு தப்புன்னு ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பத்தேழுலருந்து இந்தப் பதிவேட்ட நம்பித்தான் பொருள வெளிய விட்டிருக்கோம். எத விட்டோம், எங்க விட்டோம்னு நாளைக்கே தோண்டுவாங்க. தோண்டுனா என்ன வரும்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். வாயில் தப்புன்னா ஒரு வாயில்தான் தப்பு. இருவத்திரெண்டு வருஷமா வாயத் தொறக்காத மிஷின், இன்னிக்கு ஒருநாள் கத்தியிருக்கு. இத்தன வருஷ அனுபவத்த நம்பறதா, ஒருநாள் சத்தத்த நம்பறதா?"

குன்வோர் தன் கையிலிருந்த அளவுகருவியைப் பார்த்தாள். அது விடாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள்.

"வாயில் பழுது," என்றாள்.

ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் தீர்மானம் செல்ல வேண்டுமானால் கூட்டக் குறிப்பை எழுதி, இரண்டு பேர் படித்துச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் உடனே போட்டார். மற்றவர் நிதானமான மனிதர். "கூவியது" என்று எழுதுவதா, "கூவியதாகக் கருதப்பட்டது" என்று எழுதுவதா என்று யோசித்தார். சிக்ஸ்டன் கதவருகில், மூடிய பொருளாக, நின்றார். பதினொன்று முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. உள்ளங்கை ஈரமாகிவிட்டது, வியர்ப்பதைப் பார்த்துவிட்டுத் திறந்த பொருள் என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்களோ என்று கைகளை மஞ்சள் பலகைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். முப்பத்தைந்து. "சூப்பு ஆறுது," என்றார் இயக்குநர். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார். குன்வோர் முத்திரை குத்திய தாளை சிக்ஸ்டனிடம் கொடுத்தாள்.

"என் படம்," என்றார் சிக்ஸ்டன்.

"படத்துக்கு இன்னும் அறிக்கை வரல," என்றாள் குன்வோர். "பூஜ்யம்னு பதிவேடு சொன்னது உன்னத்தான். படத்தப் பத்தி அது ஒண்ணும் சொல்லல."

"நான் தொட்டதாலதான அதப் பூட்டுனீங்க? நானே பூஜ்யம்னா..."

"அதுக்குத் தனியா கூட்டம் போடணும். சாப்பாட்டுக்கு அப்புறம் போடலாம்."

அவர் படிகளில் இறங்கி ஓடினார். தோர்ப்யோன் முன்னாலேயே வாசலுக்குப் போய் வாயிலின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்திருந்தார்.

"இந்தப் பலகைய..." என்று சிக்ஸ்டன் கழுத்தைத் தொட்டார். கழுத்தைச் சுற்றிய கயிற்றைப் பின்பக்கம் நான்கு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள்.

"அதக் கழட்ட ஒரு படிவம் இருக்கு. எட்டுப் பக்கம். நிரப்பறியா?"

"போறேன்."

"போய்யா. போ."

இருபத்திரண்டு வருடம் காவல் காத்த வாயில் வழியாக அவர் வெளியே வந்தார். அது ஒன்றும் சொல்லவில்லை.

சைக்கிளை மிதிக்க மிதிக்க மஞ்சள் பலகை முழங்காலில் இடித்தது. எதிர்க்காற்று வேறு அதில் மோதிப் பின்னால் தள்ளியது. துறைமுகச் சாலையில் வந்த பால் லாரி அவரைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது. தேவாலய மேட்டில் மூச்சு முட்டியபோது இறங்கித் தள்ளினார். இறங்கித் தள்ளுகிற ஒவ்வொரு எட்டுக்கும் தன்னையே திட்டிக்கொண்டார். படம் இல்லை, போன் இல்லை. போனாலும் என்ன பிரயோஜனம், எப்படிக் கண்டுபிடிப்பாள்? பள்ளி முற்றத்தில் முந்நூறு நானூறு பேர் நிற்பார்கள், எல்லோர் தலைக்கு மேலும் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். தான் உயரமும் இல்லை. தேடிக்கொண்டு நிற்கிற பெண்ணாக அவளை ஆக்கிவிடப் போகிறோம் என்று நினைத்தபடி மேட்டின் உச்சியில் மறுபடி ஏறி மிதித்தார்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பள்ளி முற்றத்துக்குள் நுழைந்தார். நினைத்தபடியேதான் இருந்தது. குளியல் தொட்டியில் குழந்தை, சட்டியைத் தொப்பியாகக் கவிழ்த்துக்கொண்ட குழந்தை, பல் இல்லாத குழந்தை, நாயைக் கட்டிக்கொண்ட குழந்தை. நீல மஞ்சள் ரிப்பன், பிர்ச் மரத்து இலைக்கொத்து, எக்காளம். சிக்ஸ்டன் சைக்கிளைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் வழி விடுங்க, என் பொண்ணு வரா," என்று கூட்டத்துக்குள் தோளைக் கொடுத்தார்.

முன்னால் நின்ற ஒரு பெண்மணி திரும்பினாள். மஞ்சள் பலகையைப் பார்த்தாள். கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களும் நகர்ந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை. எல்லோரும் ரொம்ப நாகரிகமாக, பார்க்காதது மாதிரி, இரண்டு எட்டு, மூன்று எட்டு என்று ஒதுங்கினார்கள். அரை நிமிடத்தில் கூட்டத்தின் நட்டநடுவில் ஒரு வட்டம் காலியாகிவிட்டது. வட்டத்தின் நடுவில் சிக்ஸ்டன் தன்னந்தனியாக நின்றார். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

மணி அடித்தது. கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பிகள் கத்திக்கொண்டு வெளியே கொட்டின. படிகளில் நின்று ஒவ்வொருவரும் கண்ணைச் சுருக்கித் தேடினார்கள், அவரவர் படத்தைக் கண்டதும் பாய்ந்தார்கள். தூவா ஒன்பதாவதாக வந்தாள். படியில் நின்றாள். இடமிருந்து வலமாக ஒரு தடவை பார்த்தாள்; சிவப்பு உடுப்பைத் தேடுகிறாள் என்று சிக்ஸ்டனுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

சிக்ஸ்டன் கழுத்திலிருந்த பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, கயிறு எட்டுமட்டும், தலைக்கு மேல் தூக்கினார்.

அவள் பார்வை வந்து நின்றது. அத்தனை பெரிய கூட்டத்தில் காலியாக இருந்த ஒரே இடத்தில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். அவள் ஓடி வந்தாள். யாரையும் விலக்க வேண்டியிருக்கவில்லை. வட்டத்துக்குள் நுழைந்து, வந்த வேகத்தில் கையை விரித்தவள், டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து சரியாக இரண்டு மீட்டரில் காலை ஊன்றி நின்றாள். கையை மட்டும் மடக்கவில்லை.

"போன் பண்ணேன், எடுக்கல. வரலன்னு நெனச்சிட்டேன்பா," என்றாள். மூச்சு வாங்கியது. "என் படம் எங்க?"

"ஈயப் பெட்டியில இருக்கு. அத வெளிய விட ஏழு நாளாகுமாம்."

"இது என்ன?"

"இதுவா. என் நம்பர்."

தூவா பலகையைப் படித்தாள். சுற்றிலும் ஒதுங்கி நின்றவர்களைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, துடைக்காமலே நின்றாள்.

"அப்பா, நீ நெஜமாவே கதிர் வீசறியா?"

சிக்ஸ்டன் சட்டைப் பையிலிருந்து முத்திரை குத்திய தாளை எடுத்து, இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து அவளுக்குக் காட்டினார்.

"இல்லியாம், தூவா. ஏழு பேர் சேந்து முடிவு பண்ணிட்டாங்க. நான் பூஜ்யமாம்."

"அவங்களுக்குக் கண்ணு தெரியலப்பா," என்றாள் தூவா. "படியில நின்னு பாத்தேன்ல, இங்க உன்னத் தவிர வேற யாருமே தெரியல."